இரங்கற்பாவும் நிலப்பறிப்பும்: நியூஸிலாந்தின் குடியேற்ற இலக்கியம் பற்றி ஓர் ஆராய்ச்சி

பத்தொன்பதாம் நூற்றாண்டில் நியூஸிலாந்தில் குடியேறிய ஆங்கிலேயர் படைத்த இலக்கியத்தை ஆராய்வோர், அது அந்நாட்டின் பூர்வகுடிகளான மாவோரி மக்களின் பண்பாட்டை அறியாமையினால் திரித்துக் கூறிற்று என்று குறை சொல்லி அமைவதுண்டு. எம் அபிப்பிராயம் வேறு. அவ்விலக்கியத்துக்கு அடிகோலிய முக்கியமான சிலர் அம்மக்களின் மொழியையும் வழக்கங்களையும் நன்கு அறிந்தவர்கள். அவ்வறிவு முதலில் ஆளுகைக்குக் கருவியாயிற்று. நிலம் கைமாறிய பின்னரே, நிலத்துக்கு உரியவர் மறைந்துவிட்டனர் என்று புலம்பும் இரங்கற்பாவாக அது உருவெடுத்தது.

கவர்னர் ஜார்ஜ் கிரேயின் சரித்திரமே இதற்குத் தலையாய சான்று. மாவோரித் தலைவர்கள் தம் கடிதங்களிலும் பேச்சுக்களிலும் பழம்பாடல்களையும் புராணக் குறிப்புக்களையும் கையாள்வதால், அவற்றை அறியாமல் அவர்களை ஆளுதல் இயலாது என்று கண்டே தாம் சேகரிக்கத் தொடங்கியதாக, 1855-இல் வெளியான தம் ஆங்கில நூலின் முகவுரையில் அவரே ஒளிவின்றி எழுதுகிறார். அந்நூலுக்கு ஆதாரமானவற்றுள் பெரும்பகுதியை எழுதித் தந்தவர், தே அராவா குலத்தைச் சார்ந்த தே ராங்கிகாஹேகே என்னும் அறிஞர். ஆக்லாந்தில் கிரேயின் இல்லத்தை ஒட்டிக் குடும்பத்தோடு வாழ்ந்து அவர் எழுதியவை ஏறக்குறைய 800 பக்கங்கள். அவற்றைச் சுருக்கியும், பல குலத்தாரின் பாடபேதங்களை ஒன்றாய்ப் பிணைத்தும் கிரே வெளியிட்ட நூலில், எழுதியவர் பெயர் காணப்படவில்லை. புராண விருத்தாந்தங்களோடு, தம் காலத்தில் வெள்ளையரும் மாவோரியரும் பழகிய முறையைப் பற்றியும் தே ராங்கிகாஹேகே எழுதியிருந்தார். தொன்மை அச்சேறிற்று, நிகழ்காலம் ஏறவில்லை. இந்தத் தேர்வை வெறும் பதிப்பாசிரியரின் சுதந்திரம் என்று எம்மால் கொள்ள முடியவில்லை. ஏனெனில், 1863 ஜூலையில் வைக்காட்டோ நாட்டினுள் படை செலுத்த ஆணையிட்டவரும் இதே கிரேதான்.

அப்போது பிரதம மந்திரியாயிருந்தவர் ஆல்பிரட் டாமெட், கவி பிரௌனிங்கின் நண்பர். நிலங்களைப் பறிமுதல் செய்து குடியேறிகளை அமர்த்தும் திட்டம் அவர் மந்திரிசபையிலேயே வகுக்கப்பட்டது. வைக்காட்டோவில் மட்டும் சுமார் 12 லட்சம் ஏக்கர் பறிபோயிற்று. ஒன்பது ஆண்டு கழிந்து, 1872-இல், அவரே, கப்பல் உடைந்து கரையேறிய ஆங்கில இளைஞனுக்கும் மாவோரி நங்கைக்கும் உண்டான காதலை நீண்ட காவியமாகப் பாடினார். கவிதை என்ற அளவில் அது களைப்பூட்டுவது. பழைய நாட்களை எண்ணி ஏங்கும் நூலை 1863-இல் வெளியிட்ட பிரெடரிக் மானிங், 1865-இல் மாவோரி நிலங்களுக்கென நிறுவப்பட்ட நீதிமன்றத்தின் நீதிபதியானதும் இவ்வரிசையிற் சேரும்.

இச்சேகரங்கள் இல்லையேல் அக்கதைகள் அழிந்தொழிந்திருக்கும் என்பது சிலர் கூறும் சமாதானம். இதில் ஓரளவு உண்மையுண்டு; ஆயினும் அது, எழுத்தறியாத மக்கள் மௌனமாக மறைந்துகொண்டிருந்தனர் என்னும் அநுமானத்தின்மேல் நிற்பது. நடந்தது அதுவன்று. ஆஸ்திரியக் கப்பலான நோவாராவில் வியன்னா சென்று அச்சுத்தொழில் கற்ற மாவோரியர் இருவர், அங்கே வெகுமதியாகப் பெற்ற அச்சியந்திரத்துடன் திரும்பினர். 1862-இல் அவ்வியந்திரத்தில், மாவோரிக் குலத்தார் பலர் கூடித் தேர்ந்த அரசரைச் சார்ந்தோர் வைக்காட்டோவிலுள்ள ங்காருவாவாஹியாவில் ‘தே ஹோகியோய்’ என்ற பத்திரிகையைத் தம் மொழியில் அச்சிட்டு, அரசாங்கத்துடன் வாதிட்டுவந்தனர். அதன் குரலை அடக்கியது காலத்தின் இயற்கையன்று, 1863-இன் படையெடுப்பு.

1896-இன் கணக்கெடுப்பில் மாவோரியர் தொகை ஏறக்குறைய 42,000 ஆகக் குறைந்திருக்க, குடியேறிகள் ஏழு லட்சமாயினர். ஆர்தர் ஆடம்ஸ் போன்ற கவிகள் மறையும் இனத்தைப் பாடியது இவ்வேளையில்தான். ஆனால் 1901-இலேயே தொகை ஏறத் தொடங்கிவிட்டது. மாவோரி அறிஞர் ஆபிரானா ங்காட்டா, மாவோரிப் பாடல்களை இயற்றியவர் பெயரும் குலமும் சந்தர்ப்பமும் விளங்கக் குறித்து, தம் தொகுதியின் முதற்பகுதியை 1928-இல் வெளியிட்டார். கிரே செய்யாது விட்ட பணி அது.

ஆதலின், நியூஸிலாந்தின் இலக்கிய சரித்திரத்தை எழுதப் புகும் அறிஞர்கள், டாமெட்டின் காவியத்தை அதற்குரிய இடத்தில் வைத்துவிட்டு, ஆக்லாந்து நூல்நிலையத்திலுள்ள தே ராங்கிகாஹேகேயின் கையெழுத்துப் பிரதிகளிலிருந்து அதனைத் தொடங்குவார்களாக.