டோவர் நீரிணையின் இரண்டு பாதைகள்

பாய்மரக் காலத்தில், எதிரே வரும் கப்பல் அடுத்து என்ன செய்யும் என்பதைக் காற்றே பாதி சொல்லிவிடும். காற்றுக்கு நேரெதிராக எந்தப் பாயும் போக முடியாது. ஆகவே அது திரும்பக்கூடிய திசைகளும் சிலவே. நீராவிக் கப்பல் வந்ததும் இந்தத் துப்பு கைவிட்டுப் போயிற்று. நினைத்த நேரத்தில் நினைத்த பக்கம் திரும்பக்கூடிய ஒன்றின் நோக்கத்தை எப்படி ஊகிப்பது? 1840இல் லண்டனின் டிரினிட்டி ஹவுஸ் என்ற கடல்வழி அமைப்பு இதற்கு ஒரு விதி வகுத்தது: மோதும்படி நெருங்கும் இரு நீராவிக் கப்பல்களும் வலப்பக்கம் திரும்பி, ஒன்றின் இடப்பக்கம் மற்றதன் இடப்பக்கமாகக் கடந்துபோக வேண்டும். 1863இல் பிரிட்டனும் பிரான்சும் ஒரே விதித்தொகுப்பை ஏற்றன. மற்ற நாடுகளும் அதைப் பின்பற்றின. கப்பல் மோதல்களைத் தடுத்த வரலாற்றைக் கருவிகளின் வரலாறாகச் சொல்வதே வழக்கம். அந்தக் கதையில் முக்கியமான பாதி விடுபட்டுப்போகிறது. கடலைப் பாதுகாப்பானதாக்கியதில் பெரும்பங்கு, மற்றவர் என்ன செய்வார் என்பதை முன்கூட்டியே தெரியவைத்த உடன்பாடுகளுக்கு உரியது.

1956 ஜூலை 25ஆம் தேதி இரவு இதற்குக் கொடுமையான சான்று. நியூயார்க்கை நோக்கி வந்த இத்தாலியப் பயணிகள் கப்பல் ஆண்ட்ரியா டோரியாவும், அங்கிருந்து புறப்பட்ட ஸ்வீடன் கப்பல் ஸ்டாக்ஹோமும் நான்டக்கெட் தீவுக்கு அப்பால் நெருங்கின. டோரியா மூடுபனிக்குள் இருந்தும் வேகத்தைப் பெரிதாகக் குறைக்கவில்லை. இரண்டிலும் ரேடார் இருந்தது. இரண்டும் பல மைல் தொலைவிலேயே ஒன்றையொன்று திரையில் பார்த்துவிட்டன. எதிரே வருவது தனக்குச் சற்று வலப்பக்கம் இருப்பதாகக் கண்ட டோரியா, இடைவெளியைக் கூட்ட 4 பாகை இடப்பக்கம் திரும்பியது. அது தனக்கு இடப்பக்கம் இருப்பதாகக் கண்ட ஸ்டாக்ஹோம், வழக்கப்படி வலப்பக்கம் திரும்பியது. விளக்குகள் கண்ணில் பட்ட கடைசி நிமிடங்களில் முன்னது முழுக்க இடப்பக்கமும் பின்னது முழுக்க வலப்பக்கமும் திரும்ப, ஸ்டாக்ஹோமின் முகப்பு டோரியாவின் வலப்பக்க விலாவைப் பிளந்தது. 51 பேர் மாண்டனர். வழக்கு நீதிமன்றத்துக்கு வெளியே முடிந்ததால் யார் குற்றவாளி என்று தீர்ப்பே வரவில்லை. பார்வைக் குறைவு இங்கே காரணமல்ல என்பது மட்டும் நிச்சயம். பார்த்ததை வைத்து ஒவ்வொருவரும் தனித்தனியாக ஒரு திட்டம் போட்டார்கள். அவை ஒன்றுக்கொன்று எதிரானவை.

அபாயத்தை அளக்கப் பெரிய கருவியும் தேவையில்லை. எதிர்க் கப்பல் இருக்கும் திசையைத் திசைகாட்டியில் குறித்துக்கொண்டு, சில நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். தூரம் குறைந்தும் திசை மாறவில்லையென்றால் இரண்டும் ஒரே இடத்தில்தான் போய்ச் சேரும். ரேடாரில் செய்வதும் இதே வேலைதான்: திரையில் தெரியும் புள்ளியைச் சில நிமிடத்துக்கு ஒருமுறை தாளில் குறித்துக்கொண்டே வர வேண்டும். டோரியாவில் அதைச் செய்யவில்லை. அரைகுறைத் தகவலை வைத்து முடிவுக்கு வரக்கூடாது என்று பின்னாளில் விதியே எழுதப்பட்டது.

டோவர் நீரிணையில் 1967இல் சாலையைப் போல இரண்டு பாதைகள் வகுத்தார்கள். தென்மேற்கே போவது இங்கிலாந்துப் பக்கம், வடகிழக்கே போவது பிரான்ஸ் பக்கம். ஆனால் யாரும் கட்டாயப்படுத்தவில்லை. 1971 ஜனவரி 11 அன்று தவறான பாதையில் வந்த பெரு நாட்டுச் சரக்குக் கப்பல் பராக்காஸ், டெக்சாகோ கரீபியன் என்ற எண்ணெய்க் கப்பல்மீது மோதியது. மறுநாளே அந்த எண்ணெய்க் கப்பலின் சிதைவில் இடித்து பிராண்டன்பர்க் என்ற கப்பல் மூழ்கியது. பிப்ரவரி இறுதியில் நிக்கி என்ற கிரேக்கக் கப்பல் அதே சிதைவில் மோதி, அதிலிருந்த 22 பேரும் இறந்தனர். 1972இல் லண்டனில் ஒப்புக்கொண்டு 1977 ஜூலை 15இல் அமலான சர்வதேச விதிகள் பாதைகளைக் கட்டாயமாக்கின. 1956 முதல் 1960 வரை அந்த நீரிணையில் 60 மோதல்கள். 1976 முதல் 1980 வரை 16. இதற்கு மேம்பட்ட ரேடாரும் கரையிலிருந்து நடந்த கண்காணிப்பும் காரணமில்லையா என்று கேட்கலாம். அவற்றுக்கும் பங்குண்டு, மறுக்கவில்லை. ஆனால் கரையில் இருப்பவர் ஒரு கப்பலைப் பார்த்து, தவறான பக்கம் வருகிறாய் என்று சொல்ல வேண்டுமென்றால், சரியான பக்கம் எது என்று முதலில் எல்லோரும் ஒப்புக்கொண்டிருக்க வேண்டும்.

விதி மனிதரை இயந்திரமாக்கிவிடும் என்ற மறுப்பு இன்னும் கனமானது. பழைய விதிப்படி, முன்னுரிமை பெற்ற கப்பல் தன் போக்கையும் வேகத்தையும் மாற்றாமல் செல்ல வேண்டும். விலக வேண்டியது விலகாவிட்டாலும், அதன் செயலால் மட்டும் மோதலைத் தவிர்க்க முடியாது என்ற கட்டம் வரை பொறுத்திருக்க வேண்டும். 1972 விதிகள் இதைத் தளர்த்தின: எதிர்க் கப்பல் விலகவில்லை என்று தெரிந்த உடனேயே முன்னுரிமை பெற்ற கப்பல் தானே செயல்படலாம். ஆனால் தன் இடப்பக்கத்திலிருந்து குறுக்கே வரும் கப்பலுக்காக, சூழ்நிலை இடம்கொடுத்தால், இடப்பக்கம் திரும்பக்கூடாது. தாமதமாக விழித்துக்கொள்ளும் அந்த மற்றவர் அப்போதும் தன் வலப்பக்கம்தான் திரும்புவார் என்று எதிர்பார்த்தே அந்தத் தடையை எழுதியிருக்கிறார்கள்.