மருந்துக்கு அடங்காத விழியகத் தொற்று

கண்புரை அறுவைக்குப் பிறகோ, கண்ணில் முள்ளோ கம்பியோ குத்திய பிறகோ, அரிதாக இரத்தத்தின் வழியாகவோ பாக்டீரியா விழிக்குள் புகுந்து சீழ் வைக்கும் நோயை மருத்துவர்கள் எண்டாஃப்தால்மைடிஸ் என்பர். வழக்கமான ஆன்டிபயாடிக்குகளுக்குக் கட்டுப்படாத கிருமியால் இது வருவது அபூர்வம்; வந்தால் பார்வையைக் காப்பது கடினம்.

விழிக்குள் நிறைந்திருக்கும் விட்ரியஸ் ஏறத்தாழ 4 மி.லி. கூழ். அதில் இரத்தக் குழாய் கிடையாது. மாத்திரையும் நரம்பூசியும் கொண்டுவரும் மருந்தில் பெரும்பகுதி விழித்திரையின் தடுப்பைத் தாண்டுவதில்லை. ஆகவே மருந்தை விழிக்குள்ளேயே ஊசியால் செலுத்த மருத்துவர்கள் துணிந்ததுதான் இதன் சிகிச்சை வரலாறு. 1944இல் வான் சால்மன் குழுவினர் முயல்களின் விட்ரியஸில் பென்சிலின் செலுத்திப் பார்த்தனர். 1970களில் கண் மருத்துவர் கோலம் பெய்மன் ஜென்டாமைசின் முதலியவற்றுக்கு விழி தாங்கும் அளவைத் தேடினார். ஜென்டாமைசின் கிருமியைக் கொன்றது. சில கண்களில் பார்வையின் மையமான மேக்குலாவையும் கெடுத்தது. அந்த இடத்துக்கு அமிக்காசினும் பின்னர் செஃப்டாசிடிமும் வந்தன. 420 பேரைக் கொண்டு நடந்து 1995இல் வெளியான அமெரிக்க ஆய்வு, அறுவைக்குப் பிந்தைய தொற்றில் நரம்புவழி மருந்தால் கூடுதல் பயனில்லை என்று முடிவு கட்டியது. இன்றைய வழக்கம்: வான்கோமைசின் 1 மி.கி., செஃப்டாசிடிம் 2.25 மி.கி., ஒவ்வொன்றும் 0.1 மி.லி.யில்.

இதனால் விழிக்குள் வான்கோமைசின் மில்லிலிட்டருக்குச் சுமார் 250 மைக்ரோகிராம் வரை சேர்கிறது. ஆய்வகம் ‘எதிர்ப்பு’ என்று எழுதுவதோ இரத்தத்தில் எட்டக்கூடிய அளவை வைத்து. எனவே அறிக்கையில் அடங்காத கிருமி சில வேளை ஊசிக்கு அடங்கிவிடும். சூடோமோனாஸ் ஏருஜினோசா என்ற பாக்டீரியாவிடம் இந்தக் கணக்கை நம்பி இருக்க முடியாது. மருந்து வேலை செய்யுமுன் அதன் நச்சுகள் விழித்திரையை அழித்துவிடக்கூடும்.

2022–23இல் அமெரிக்காவில் 18 மாநிலங்களில் 81 பேரைத் தாக்கியது இக்கிருமியே. கார்பபெனம் வகை ஆன்டிபயாடிக்குகளைச் சிதைக்கும் விம் என்ற நொதியும், ஜெஸ் என்ற மற்றொரு நொதியும் அதனிடம் இருந்தன. கருவிழிப் புண், விழியகத் தொற்று மட்டுமன்றி நுரையீரல், சிறுநீர், இரத்தத் தொற்றுகளும் காணப்பட்டன. 4 பேர் இறந்தனர். 14 பேர் பார்வை இழந்தனர். 4 பேருக்கு விழியையே அகற்ற நேர்ந்தது. சென்னையை அடுத்த ஓர் ஆலையில் தயாரான செயற்கைக் கண்ணீர்ச் சொட்டே காரணம்: பல நாள் திறந்து மூடும் புட்டி, உள்ளே கிருமித்தடுப்புப் பொருள் கிடையாது. சோதித்த மாதிரிகள் செஃபிடெரோகால் என்ற ஆன்டிபயாடிக்குக்கு மட்டும் அடங்கின.

தடுப்பு முறைகளில் அறுவை முடிவில் கண்ணுக்குள் மாக்ஸிஃப்ளாக்ஸாசின் என்ற ஆன்டிபயாடிக்கைச் செலுத்துவது ஒன்று. அரவிந்த் கண் மருத்துவமனைகளில் 6 லட்சத்துக்கு மேற்பட்ட அறுவைகளை ஆராய்ந்த 2017 ஆய்வில் தொற்று 0.07 சதவீதத்திலிருந்து 0.02 ஆகக் குறைந்திருந்தது. ஆயினும் அம்மருந்துக்கு அடங்காத கிருமிகளும் உண்டு.