துண்டும் அருணாசலனாரும்

சர் பொன்னம்பலம் அருணாசலத்தின் பெயரை நம் இளைஞர்கள் பாடப்புத்தகத்திற் கண்டிருப்பர். இலங்கைத் தேசிய காங்கிரசின் முதல் தலைவர் என்ற அளவில் அப்பாடம் முடிந்துவிடும். மலைநாட்டார் அவரை நினைப்பதற்கு வேறொரு காரணம் உண்டு. அதனையே இங்கு எழுதப் புகுந்தோம்.

அவர் 1853-இல் கொழும்பிற் பிறந்தார். சட்டசபையில் அமர்ந்த சர் முத்துக்குமாரசுவாமி அவருடைய தாய்மாமன். சர் இராமநாதன் தமையனார். கேம்பிரிட்ஜிற் பயின்று, 1875-இல் போட்டிப் பரீட்சை வழியாக இலங்கைச் சிவில் சேவையிற் புகுந்தார். அவ்வழியிற் புகுந்த முதல் இலங்கையர் அவரே. நீதிபதியாகவும் பதிவாளர் நாயகமாகவும் இருந்தார். 1901-ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பை நடத்தினார். 1913-இல் ஓய்வு பெற்றார். அந்த வயதிற் பிறர் சாய்வு நாற்காலியைத் தேடுவர். அவரோ அப்பொழுதுதான் அரசியலில் இறங்கினார்.

துண்டு என்றால் என்னவென்று இன்றைய பிள்ளைகள் அறியார். ஒரு தோட்டத்தை விட்டு மறு தோட்டம் போக விரும்பும் ஆளுக்குத் துரை எழுதிக் கொடுக்கும் சீட்டு அது. இன்ன தொகையைக் கட்டினால் இந்த ஆளை விடுவிப்போம் என்பதே அதன் வாசகம். புதிய தோட்டம் அத்தொகையைக் கட்டும். கட்டிய கடன் ஆளின் தலையில் அப்படியே ஏறும். தோட்டம் மாறும், கடன் மாறாது. வாங்கிய பணத்துக்கு மேலாகப் பற்றெழுதிய கங்காணிகளும் இருந்தனர். துரைமாரை மட்டும் பழித்து நம்மவரை விட்டுவிடுவது நியாயமாகாது. சீட்டின்றி ஓடிப்போனவனுக்கோ 1865-ஆம் ஆண்டுத் தொழிற் சட்டம் சிறைக் கதவைத் திறந்து வைத்திருந்தது. வேலையை விட்டுப் போவது குற்றமாம்!

1919-இல் அருணாசலனார் இலங்கைத் தொழிலாளர் நலவுரிமைச் சங்கத்தை நிறுவித் தலைமை தாங்கினார். மலைநாட்டிற் பிறந்து வழக்கறிஞரான பெரி சுந்தரம் அதன் செயலாளர். இவ்விருவரும் தோட்டத் தொழிலாளரைச் சிறைக்கனுப்பும் சட்டப் பிரிவுகளையும் துண்டு முறையையும் எதிர்த்து நின்றனர். காங்கிரஸ் பிறந்ததும் அதே ஆண்டில்தான். அங்கே படித்தவர்க்கும் செல்வர்க்கும் சட்டசபை ஆசனங்களே பெரும் பேச்சாயிருந்தன. லயத்தில் வாழ்வோரைப் பேச ஆளில்லை. அதனாலேயே இச்சிறு சங்கத்தை நாம் பெரிதாக எண்ணுகிறோம்.

1921-இல் சட்டம் மாறிற்று. துண்டு ஒழிந்தது, சிறைத் தண்டனையும் நீங்கிற்று. இந்திய அரசின் நெருக்குதலும் இதற்குத் துணை நின்றது என்பதை மறைக்க வேண்டுவதில்லை. கங்காணியிடம் பட்ட கடன் அதன் பின்னரும் பல காலம் தொடர்ந்தது.

தமிழர் பிரதிநிதித்துவப் பிணக்கினால் அருணாசலனார் அவ்வாண்டிலேயே காங்கிரசை விட்டு விலகினார். 1924-இல் தல யாத்திரை சென்றவிடத்தில், மதுரையில் காலமானார். பெரி சுந்தரம் 1931-இல் ஹட்டன் தொகுதியிற் போட்டியின்றித் தெரிவாகி, அரசாங்க சபையில் தொழில் மந்திரியாக அமர்ந்தார்.