‘மாணவர்’ என்னும் சொல்லும் அமெரிக்க நுழைவிசைவும்

ஆங்கிலம் பயிலுதற்கு அமெரிக்க ஐக்கிய நாடுகளுக்குச் செல்ல விழைவார் விசா எனப்படும் நுழைவிசைவு வேண்டி விண்ணப்பிக்குங்கால், மூன்று வினாக்களுக்கு விடை கூறல் வேண்டும். யாது பயிலப் போகின்றார்? செலவிற்குப் பொருள் எங்ஙனம் அமைந்துள்ளது? படிப்பு முடிந்தபின் தாயகம் திரும்புவாரா? இவை எந்நாட்டு அரசும் இயல்பாகக் கேட்கத் தக்கனவே என்று தோன்றும். ஆயின் இம்மூன்றும் ஒருங்கே, 1900ஆம் ஆண்டில், சீனரை விலக்குதற்கு எழுந்த சட்டத்தின் விளக்கமொன்றில் காணப்படுகின்றன. அவ்விளக்கத்தின்படி ஆங்கிலம் மட்டும் கற்க வருவோர் மாணவரே ஆகார். இதனை ஆராய்தலே யாம் மேற்கொண்ட பொருளாகும்.

1872ஆம் ஆண்டில் சீன அரசு தன் சிறுவர் முப்பதின்மரை அமெரிக்காவிற்கு அனுப்பியது. ஆண்டுக்கு முப்பதின்மராக நான்கு ஆண்டுகளில் 120 பேர் சென்றனர். இம்முயற்சிக்கு மூலவர் 1854இல் யேல் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்ற யுங் விங் என்பார். சிறுவர்கள் நியூ இங்கிலாந்துக் குடும்பங்களில் தங்கி, வீட்டு மொழியாகவே ஆங்கிலத்தைப் பயின்று, பின்னர்ப் பள்ளிகளிற் சேர்ந்தனர். மொழியே அவர்தம் முதற்கல்வி. அதற்கு எவரிடமும் நுழைவிசைவு பெறவேண்டிய நிலை அன்று இல்லை. 1881இல் சீன அரசே அவர்களைத் திரும்ப அழைத்துக் கொண்டது.

அடுத்த ஆண்டிலேயே நிலை மாறிற்று. 1882ஆம் ஆண்டுச் சட்டம் சீனத் தொழிலாளர் வருகையைத் தடுத்தது. 1880ஆம் ஆண்டு உடன்படிக்கையில் ஆசிரியர், மாணவர், வணிகர், நாடு காண வருவோர் ஆகியோர்க்கு இசைவு இருந்தமையின், அன்னோர் தாம் தொழிலாளர் அல்லர் என்பதற்குச் சீன அரசின் சான்றிதழ் கொணர வேண்டுவதாயிற்று. பெயர், அகவை, உயரம், உடற்குறி, தொழில், உறைவிடம் ஆகியன அதில் எழுதப்பட்டன. 1884ஆம் ஆண்டுத் திருத்தம் ஒருபடி மேற்சென்றது. புறப்படும் துறைமுகத்திலேயே அமெரிக்கத் தூதர் அச்சான்றிதழின் உண்மையை ஆராய்ந்து மேலொப்பம் இடல் வேண்டும் என்றது. இன்றைய விசா அலுவலரின் பணியை இதனிடத்துத் தெளிவாகக் காண்கிறோம்.

மாணவர் யாவர் என்பதைச் சட்டம் வரையறுத்திலது. அக்குறையை நிறைக்கவே 1900இல் அமெரிக்கக் கருவூலத் துறை விளக்கம் தந்தது. அதன் கருத்து வருமாறு: உயர்கல்வித் துறைகளில் ஒன்றைப் பயில்வோர், அல்லது தம் நாட்டிற் பயில வசதியில்லாத ஒரு தொழிலுக்குத் தகுதி பெற முயல்வோர் மாணவர், அவர்தம் வாழ்க்கைச் செலவிற்கு முன்னரே வழி செய்யப்பட்டிருத்தல் வேண்டும், கல்வி முடிந்ததும் சீனாவிற்குத் திரும்பும் எண்ணம் உடையராதல் வேண்டும். ‘வசதியில்லாத’ என்னும் அடை தொழிற்கல்வி ஒன்றற்கே உரியதா, உயர்கல்விக்கும் உரியதா என ஐயுறுதற்கு இடமுண்டு. எங்ஙனம் கொள்ளினும் ஆங்கிலம் பயில வருவார்க்கு இதில் இடமில்லை. தொடக்கநிலை மொழிப்பயிற்சி உயர்கல்வி அன்று, தொழிலும் அன்று, சீனத்திற் கிடைக்காததும் அன்று. ஷாங்காயில் செயின்ட் ஜான்ஸ் கல்லூரி 1879 முதலே இயங்கி வந்தது. ஆங்கிலம் அறியாதவர் அமெரிக்காவில் உயர்கல்வி பெறுதல் அரிது. ஆங்கிலம் கற்க வருபவரோ மாணவர் அல்லர். சொல்லிலக்கணம் இவ்வாறு அமையின், உடன்படிக்கை தந்த உரிமை பெயரளவில் நின்று பயனளவில் நீங்குகின்றது. அவ்வியாப்தி என்று தருக்க நூலார் கூறும் குற்றத்திற்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டு வேண்டா.

நன்னூலார் மாணாக்கரை மூவகைப்படுத்தியது, அவர் பாடங்கொள்ளும் திறம் பற்றியாகும். பொருள் மிகக் கொடுப்போனையும் கற்பித்தற்கு உரியோருள் ஒருவனாக அவர் எண்ணினார். எனினும் அது பல தகுதிகளுள் ஒன்றேயன்றிக் கட்டாயம் அன்று. மாணாக்கன் எவ்வூர்க்கு மீள்வான் என்பது அவர் வினவாதது.

சான்றிதழின் வடிவும் மாணவரைத் தடுத்ததற்கு ஒரு சான்று உண்டு. குங் சியாங்சி, ஃபெய் சிஹாவ் என்னும் இளைஞர் இருவர் ஓபர்லின் கல்லூரியிற் சேர 1901இல் சான்பிரான்சிஸ்கோ அடைந்தனர். பெரும் அமைச்சரான லீ ஹங்சாங்கிடம் பெற்ற தாள்கள் அவர் கையில் இருந்தன. ஆயினும் அவை சட்டம் கூறிய வடிவில் அமைந்தில எனத் தடுக்கப்பட்டனர். ஓபர்லினை அவர்கள் சென்றடைய ஓராண்டிற்கு மேல் ஆயிற்று. அவ்விருவருள் குங் பிற்காலத்திற் சீனக் குடியரசின் நிதியமைச்சரானார்.

1905இல் சீன நகரங்களில் அமெரிக்கப் பொருள் மறுப்பு இயக்கம் எழுந்தபின் அலுவலர் கடுமை தளர்ந்தது. 1911இல் பீக்கிங்கில் தோன்றிய சிங்ஹுவா பள்ளி, மாணவரை ஆங்கிலத்திற் பயிற்றிய பின்னரே கடல் கடத்திற்று. 1872இல் ஹார்ட்ஃபோர்டு இல்லங்களில் நிகழ்ந்த மொழிக்கல்வி இப்பொழுது தாயகத்திற்கே வந்துவிட்டது.

பின்வந்த சட்டங்களைச் சுருங்கக் கூறுவாம். 1924ஆம் ஆண்டுச் சட்டம், ஒப்புதல் பெற்ற கல்விக்கூடத்திற் பயிலும் ஒரே நோக்கத்துடன் வரும், பதினைந்து அகவை நிரம்பிய மாணவரை எந்நாட்டவராயினும் ஒதுக்கீட்டிற்குப் புறம்பாக வைத்தது. சீனரை விலக்கிய சட்டங்கள் 1943இல் நீக்கப்பட்டன. எனினும் 1952ஆம் ஆண்டுச் சட்டம், தாயகத்து உறைவிடத்தைக் கைவிடும் எண்ணமில்லாதவரே மாணவர் என வரையறுத்தபொழுது, 1900ஆம் ஆண்டு விளக்கத்தின் இறுதி உறுப்பு எல்லா நாட்டார்க்கும் உரியதாயிற்று. மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் சார்லஸ் ஃப்ரீஸ் 1941இல் ஆங்கில மொழி நிறுவனத்தைத் தொடங்கியிருந்தும், மாணவரைக் குறிக்கும் சட்டப் பிரிவில் ‘மொழிப்பயிற்சி’ என்னும் சொல் இடம்பெற்றது 1981ஆம் ஆண்டுத் திருத்தத்தில்தான். 2010இல் இயற்றப்பட்ட சட்டம், அத்தகைய ஆங்கிலப் பயிற்சிகள் தரச்சான்று பெறல் வேண்டும் என்றது. வகுப்பறைப் பாடமே மிகுந்த மொழிப்பயிற்சியாயின் வாரத்திற்கு 18 மணிநேரம் பயில்வது முழுநேரக் கல்வியாகக் கொள்ளப்பெறுகின்றது.

தம் நாட்டிற் பயில வசதியில்லாமை என்னும் உறுப்பு இன்றைய சட்டத்தில் இல்லை. ஆயினும், ‘ஆங்கிலத்தை நும் ஊரிலேயே கற்கலாகாதோ?’ என்று விண்ணப்பதாரர் வினவப்படுதல் இன்றும் உண்டு.