சமூக ஊடகத்தில் இளையோரின் தனியுரிமை: ஆண், பெண் வேறுபாடு

சமூக ஊடகத்தில் தம்மைப் பற்றிய எதை யார் பார்க்கலாம் என்பதில் இளம் பெண்களும் இளம் ஆண்களும் பெரும்பாலும் ஒரேமாதிரி நடந்துகொள்வதில்லை. பியூ ஆய்வு மையம் 2013இல் வெளியிட்ட அமெரிக்க ஆய்வில், பதின்வயது ஃபேஸ்புக் பயனர்களுள் பெண்களில் 70 விழுக்காட்டினர் தம் பக்கத்தை நண்பர்கள் மட்டும் பார்க்கும்படி வைத்திருந்தனர். ஆண்களில் 50 விழுக்காட்டினரே. கைபேசி எண்ணை வெளியிடுவதில் கணக்கு தலைகீழ்: ஆண்கள் 26, பெண்கள் 14 விழுக்காடு.

எல்லா ஆய்விலும் இந்த இடைவெளி தென்படவில்லை. டானா பாய்டும் எஸ்டர் ஹர்கிட்டையும் சிகாகோ கல்லூரி மாணவர்களிடம் நடத்தி 2010இல் வெளியிட்ட ஆய்வில், ஃபேஸ்புக்கின் தனியுரிமை அமைப்புகளைக் கையாள்வதில் பாலின வேறுபாடு சொற்பமாகவே இருந்தது. ஆகவே, பெண்கள் இயல்பிலேயே கூச்சமுள்ளவர்கள், அதனால்தான் மறைக்கிறார்கள் என்ற விளக்கம் நிற்காது. தகவல் கசிந்தால் யார் தலையில் விடியும் என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

அது பளிச்சென்று தெரிவது தெற்காசியாவில். டிபியில் தன் முகத்துக்குப் பதில் ரோஜாப்பூவோ சாமி படமோ வைத்திருக்கும் பெண்கள் நம் எல்லோருடைய கைபேசியிலும் இருக்கிறார்கள். படத்தைத் திருடி, மார்ஃபிங் செய்து மிரட்டுவார்கள் என்ற அச்சம் வீண் அச்சமல்ல. ஃபேஸ்புக் 2017 ஜூனில் இந்தியாவில் முகப்புப் படத்துக்கு ஒரு பாதுகாப்பு வசதியைக் கொண்டுவந்தது இதற்காகத்தான். படத்தைச் சுற்றி நீலக் கரை, கீழே ஒரு கேடயம். பிறர் அதைத் தரவிறக்கவோ பகிரவோ முடியாது. ஆண்ட்ராய்டில் ஸ்கிரீன்ஷாட்டும் தடுக்கப்பட்டது. இன்னொரு கைபேசியால் திரையைப் படமெடுப்பவனை அது என்ன செய்யும்?

ஆபத்து வெளியாளிடமிருந்து மட்டும் வருவதில்லை. நித்யா சாம்பசிவனும் சக ஆய்வாளர்களும் இந்தியா, பாகிஸ்தான், வங்கதேசத்தில் 199 பேரிடம் நடத்திய ஆய்வு 2018இல் வெளிவந்தது. அதன்படி, பெண்ணின் கைபேசி அவளுக்கு மட்டும் உரியதல்ல. கணவர், மாமியார், பிள்ளைகள் என வீடே அதை எடுத்துப் பார்க்கும். தனியுரிமையா, அது பணக்கார வீட்டுப் பெண்களுக்கானது என்றே ஆய்வில் பேசிய பெண்கள் பலர் நினைத்தார்கள். ஆனால் அவர்கள் கைகள் வேறு செய்தன. தரமாட்டேன் என்றால் சந்தேகம் வரும். ஆகவே கைபேசியைக் கொடுத்தார்கள். சிலர் வாட்ஸ்அப்புக்கும் கேலரிக்கும் மட்டும் பூட்டுப் போட்டார்கள். பூட்டே கேள்வியை எழுப்பும் வீடுகளில், கொடுக்குமுன் ஒரே ஒரு செய்தியையோ படத்தையோ அழித்தார்கள். உரையாடல் அப்படியே இருக்கும். அந்த ஒரு வரி இருக்காது.