மூன்று பிளஸ்

மார்பகப் புற்று அறிக்கையின் கடைசி வரியில் "ஹெர்-2: 3+" என்று எழுதிக் கையெழுத்துப் போடுகிறேன். அந்தப் பெண்ணுக்கு அது நல்ல சேதியா, கெட்ட சேதியா? 1987இல் கேட்டிருந்தால் யாரும் கெட்ட சேதி என்றுதான் சொல்லியிருப்பார்கள். 1998 கடைசியில் கேட்டிருந்தால், மருந்து இருக்கிறது என்றிருப்பார்கள். புரதம் என்னவோ அதேதான்.

நான் பேத்தாலஜி படித்த நாட்களில் எங்களிடம் வரும் கேள்விகள் குறைவு. புற்றா, எந்த வகை, நெறிகட்டிக்குப் போயிருக்கிறதா? ஹார்மோன் ஏற்பி இருக்கிறதா என்று பார்க்கும் வசதி பெரிய ஊர்களில் இருந்தது. மருந்தை முடிவு செய்வது மருத்துவர் வேலை, நோய்க்குப் பெயர் வைப்பது எங்கள் வேலை. இந்த வேலைப் பிரிவினையைக் குலைத்துப் போட்டது ஹெர்-2.

கதை எலியில் தொடங்குகிறது. கருவிலேயே ரசாயனம் ஏற்றிய எலிகளுக்கு வந்த நரம்புக் கட்டியிலிருந்து டி.என்.ஏ. எடுத்து, அமெரிக்காவின் கேம்பிரிட்ஜ் நகரில் ராபர்ட் வைன்பர்கின் ஆய்வகத்தில் சோதித்துக்கொண்டிருந்தார்கள். அதில் ஒரு புரதத்தை 1982இல் அடையாளம் காட்டிய கட்டுரையின் முதல் பெயர் இந்தியரான லட்சுமி சரண் பாதியுடையது. 1,85,000 டால்டன் எடையுள்ள அந்தப் புரதம் செல்லின் மேற்பரப்பில், வெளியிலிருந்து ஒரு ஆன்டிபாடி எட்டிப் பிடிக்கும் இடத்தில் இருந்தது. மருந்துக்கு அதைவிட வசதியான குறி கிடைக்காது. ஆனால் அந்த ஆய்வகம் தேடியது புற்று எப்படிப் பிறக்கிறது என்பதை. கையில் இருந்ததை மருந்துக் கண்ணால் பார்க்க அங்கே யாருக்கும் தோன்றவில்லை. அவர்களைக் குறை சொல்லமாட்டேன், அன்று அந்தக் கண் பலருக்கும் இல்லை.

அந்தப் புரதத்தை உண்டாக்கும் மரபணுவின் மனித வடிவமான ஹெர்-2ஐ 1985இல் ஜெனென்டெக் நிறுவனத்தில் ஆக்செல் உல்ரிச் குழு பிரித்தெடுத்தது. ஏறக்குறைய அதே சமயம் வேறு குழுக்களும் அதைக் கண்டுபிடித்தன. பதினேழாவது குரோமோசோமில் அதன் இடம். உல்ரிச்சிடம் மரபணு இருந்தது, அது எந்த நோய்க்கு உரியது என்று தெரியாது. லாஸ் ஏஞ்சலஸ் பல்கலைக்கழக மருத்துவர் டென்னிஸ் ஸ்லாமனிடம் உறைய வைத்த கட்டிகள் இருந்தன, எந்த மரபணுவைத் தேடுவது என்று தெரியாது. சான் அன்டோனியோவில் வில்லியம் மெகுவயர், நோயாளிகள் பிறகு என்ன ஆனார்கள் என்ற விவரத்தோடு கட்டிகளைச் சேர்த்து வைத்திருந்தார். இந்த வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த பாத்திரம் எந்த விஞ்ஞானியும் அல்ல, அந்த உறைபெட்டிதான். விவரம் எழுதாமல் எறியப்படும் கட்டிகளை ஆயுள் முழுக்கப் பார்த்தவள் சொல்கிறேன்.

189 கட்டிகளைப் பார்த்து 1987இல் அவர்கள் வெளியிட்ட முடிவு: ஏறத்தாழ 30 சதவீதத்தில் ஹெர்-2 மரபணு பல பிரதிகளாகப் பெருகியிருந்தது. பிரதிகள் கூடினால் நோய் சீக்கிரம் திரும்பியது, ஆயுளும் குறைந்தது. அன்றைக்கு அது வெறும் கெட்ட சகுனம்.

ஜெனென்டெக்கில் 4டி5 என்ற எலி ஆன்டிபாடி அந்தப் புரதத்தைப் பற்றிக்கொண்டு செல் பெருகுவதைத் தடுத்தது. எலிப் புரதத்தை மனித உடம்பு ஏற்காதே! பால் கார்ட்டரும் சகாக்களும் அதில் பற்றும் பகுதியை மட்டும் விட்டுவிட்டு மற்றதை மனித வடிவாக மாற்றினார்கள். 1992இல் அது வெளியானது. நிறுவனத்துக்குள் தயக்கம் இருந்தது. ஸ்லாமனின் ஆய்வுக்கு உதட்டுச்சாய வியாபாரியான ரெவ்லான் பணம் கொடுத்தது. மருந்து கேட்டுப் பெண்கள் ஜெனென்டெக் வாசலில் போராடினார்கள்.

இறுதிச் சோதனையில் 469 பெண்கள். கீமோவோடு இந்த மருந்தும் பெற்றவர்களுக்கு நோய் முற்ற 7.4 மாதம் ஆனது, கீமோ மட்டும் பெற்றவர்களுக்கு 4.6 மாதம். சிலருக்கு இதயம் பலவீனப்பட்டது, அதனால்தான் இன்றும் இடையிடையே எக்கோ எடுக்கச் சொல்கிறோம். இந்தப் பெண்கள் ஹெர்-2 சோதனை செய்து பொறுக்கப்பட்டவர்கள். யாரை வேண்டுமானாலும் சேர்த்திருந்தால் பயன் கூட்டத்தில் கரைந்து, மருந்து தோற்றதாகக் கோப்பு மூடியிருக்கும்.

1998 செப்டம்பர் 25. அமெரிக்காவில் டிராஸ்டுசுமாப் என்ற இந்த மருந்துக்கு அனுமதி. அன்றே டாக்கோ நிறுவனத்தின் ஹெர்செப்டெஸ்ட் கிட்டுக்கும் அனுமதி. இரண்டும் இரட்டைப் பிள்ளைகள். அன்றிலிருந்து ஸ்லைடைப் பார்த்து நாங்கள் போடும் எண், மருந்துச் சீட்டின் முதல் வரி. செல்லைச் சுற்றி அடர்ந்த பழுப்பு வளையம் என்றால் 3+. சுமாரென்றால் 2+. மங்கலாக, அங்கங்கே என்றால் 1+. அந்த இறுதிச் சோதனையில் 2+ பெண்களையும் சேர்த்திருந்தார்கள். மரபணு பெருகாத 2+ காரருக்குப் பயன் இல்லை என்பது பிற்பாடு தெரிந்தது. அதனால் 2+ என்றால் ஃபிஷ் சோதனை: இருட்டறையில் ஒளிரும் புள்ளிகளை எண்ணவேண்டும்.

"டாக்டரம்மா, ரெண்டு பிளஸ்னா பாதிதான் வந்திருக்கா?" என்று கேட்பார்கள்.

"இல்லய்யா, இன்னொரு டெஸ்ட் பார்த்தாத்தான் சொல்ல முடியும்."

"அதுக்கு எவ்ளோ ஆகும்?"

அடுத்த கேள்வி எப்போதும் இதுதான்.

ஒரு காலத்தில் சிறு ஊர்களிலிருந்து கட்டி ஊறுகாய் பாட்டிலில் வரும். ஃபார்மலின் பாதி, சலைன் பாதி. சில சமயம் சலைன் மட்டும். சனிக்கிழமை அறுவை, திங்கள் மதியம் எங்கள் மேசை. ஆறு மணி நேரத்துக்குக் குறையாமலும் 48 மணி நேரத்துக்கு மேல் போகாமலும் ஃபார்மலினில் இருக்கவேண்டும் என்று 2007இல் அமெரிக்க வழிகாட்டுதல் வந்தது. மேல்வரம்பைப் பிறகு 72 ஆக்கினார்கள். அந்தத் தாளைச் சுவரில் ஒட்டிவிட்டு, அறுவை அரங்குகளோடு போனில் சண்டை போட்டதுதான் என் பணிக்காலத்தின் பெரும்பகுதி. நிறம் ஏறாத ஸ்லைடு ஹெர்-2 இல்லை என்பதற்குச் சாட்சி இல்லை. புரதம் வழியிலேயே கெட்டிருக்கலாம்.

3+ போட்டபிறகும் மருந்து வாங்க முடியாத வீடுகள் எத்தனையோ. மூன்று வாரத்துக்கு ஒரு தடவை, ஓராண்டு என்றால் நிலம் விற்கும் கணக்கு. பெங்களூரின் பயோகான் 2014இல் தன் உயிரொப்பு மருந்தை 440 மில்லிகிராம் 57,500 ரூபாய்க்கு இறக்கியது. அதுவும் மலிவென்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனாலும் அதற்குப் பிறகு விலை இறங்கியது. அந்த மருந்தை எதிர்த்து வழக்கு டெல்லி உயர்நீதிமன்றம் வரை போயும் மருந்து நின்றுவிடவில்லை. உலக சுகாதார நிறுவனம் 2015இல் டிராஸ்டுசுமாபை இன்றியமையாத மருந்துப் பட்டியலில் சேர்த்தது. பயோகானும் மைலானும் செய்த அதே மருந்து 2017இல் அமெரிக்காவிலும் அனுமதி வாங்கியது.

2022இல் எங்கள் கோடு மறுபடி நகர்ந்தது. ஆன்டிபாடியோடு கீமோ மருந்தைக் கட்டிய டிராஸ்டுசுமாப் டெரக்ஸ்டெகான், 1+ பெண்களுக்கும், ஃபிஷ்ஷில் பெருக்கம் இல்லாத 2+ பெண்களுக்கும் வேலை செய்தது. அதுவரை 0 என்று எழுதினாலும் 1+ என்று எழுதினாலும் சிகிச்சை ஒன்றுதான், எங்களில் பலர் அந்த இரண்டுக்கும் நடுவில் கண்ணைக் கசக்கிக்கொண்டதே இல்லை. இப்போது பழைய கட்டிகளின் பிளாக்குகளை எடுத்துத் திரும்பப் பார்க்கச் சொல்லி மருத்துவர்கள் போன் செய்கிறார்கள். 3+ பழுப்பைக் குறைந்த லென்ஸிலேயே பார்த்துவிடலாம். 1+ பார்க்க 40 எக்ஸ் லென்ஸுக்குப் போகவேண்டும், அப்போதும் நானும் என் பக்கத்து மேசைப் பெண்ணும் ஒத்துப்போவதில்லை. அவள் 1+ என்கிறாள், நான் 0 என்கிறேன். மூன்றாவது ஆளைக் கூப்பிட்டுக் காட்டிவிட்டுத்தான் அறிக்கை போகிறது.