பழைய விண்டோஸை விர்ச்சுவல் மெஷினில் ஓட்டுகிறீர்களா? அதற்கு நெட் கொடுக்கும் முன் இதைப் படியுங்கள்

லிட்டில் அந்தமானின் ஹட் பேயில் ஒரு சின்ன அலுவலகம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பழைய பேஜ்மேக்கர் கோப்புகள், யூனிகோடு வருவதற்கு முந்தைய தமிழ் எழுத்துருவில் அடித்த ஆவணங்கள், விண்டோஸ் எக்ஸ்பியில் மட்டுமே ஓடும் ஒரு கணக்கு மென்பொருள். பழைய கம்ப்யூட்டர் படுத்துவிட்டது. புது லேப்டாப்பில் விர்ச்சுவல்பாக்ஸ் போட்டு, அதற்குள் எக்ஸ்பியை ஏற்றியாச்சு. அடுத்த கேள்வி: அந்த எக்ஸ்பிக்கு நெட் கொடுக்கலாமா?

கொடுக்காமல் இருப்பதே நல்லது. ஏன் என்று பார்ப்போம்.

அந்தமானில் இந்தக் கேள்விக்கு இப்போது கூடுதல் அர்த்தம் இருக்கிறது. பல ஆண்டுகள் செயற்கைக்கோளை நம்பியிருந்த தீவுகளுக்கு, 2020 ஆகஸ்ட் 10 அன்று சென்னையிலிருந்து கடலடி கேபிள் இணைப்பு வந்தது. சுமார் 2,300 கி.மீ. நீளமுள்ள அந்த கேபிள் போர்ட் பிளேரோடு (இப்போது ஸ்ரீ விஜயபுரம்) லிட்டில் அந்தமான் உட்பட இன்னும் ஏழு இடங்களையும் இணைக்கிறது. நாள் முழுக்க நெட்டில் இருப்பது அங்கேயும் சாதாரணமாகிவிட்டது.

"எங்க ஊர்ல நெட் ஸ்லோ, வைரஸ் எல்லாம் வராது" என்பது எப்போதுமே சரியில்லை. 2003 ஜனவரியில் உலகம் முழுக்கப் பரவிய ஸ்லாம்மர் புழுவின் மொத்த அளவு வெறும் 376 பைட். ஒரு வாட்ஸ்அப் ஸ்டிக்கரை விடச் சின்னது.

என்ன ஆபத்து?

எக்ஸ்பிக்கான பாதுகாப்பு அப்டேட்களை மைக்ரோசாஃப்ட் 2014 ஏப்ரல் 8-ஆம் தேதியும், விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரி 14-ஆம் தேதியும் நிறுத்தியது. அதன் பிறகு கண்டுபிடிக்கப்பட்ட ஓட்டைகளில் பெரும்பாலானவை அப்படியே திறந்து கிடக்கின்றன.

2017 மே மாதம் வந்த வான்னாக்ரை ஞாபகம் இருக்கலாம். கோப்புகளைப் பகிர உதவும் எஸ்.எம்.பி என்ற பழைய வசதியில் இருந்த ஓட்டை வழியாக அது நுழைந்தது. யாரும் எந்த லிங்க்கையும் கிளிக் செய்ய வேண்டிய அவசியமே இல்லை. ஒரே நெட்வொர்க்கில் இருந்தாலே போதும். அதனால் "நான் எக்ஸ்பியில் பிரவுசரே திறக்க மாட்டேன்" என்பது பாதுகாப்பு ஆகாது. (அப்போது அதிகம் அடிபட்டது விண்டோஸ் 7. அதற்கான பேட்ச் இரண்டு மாதம் முன்பே வந்திருந்தது, பலர் போடவில்லை.)

எந்த செட்டிங்?

விர்ச்சுவல்பாக்ஸின் நெட்வொர்க் பக்கத்தில் பல தேர்வுகள் இருக்கும். 'பிரிட்ஜ்டு' வேண்டவே வேண்டாம். உங்கள் ரூட்டரிடமிருந்து எக்ஸ்பி நேரடியாக ஒரு முகவரி வாங்கிக்கொண்டு, அலுவலகத்தில் உள்ள எல்லா மெஷின்களுக்கும் தெரியும்படி உட்கார்ந்துவிடும்.

பலரும் ஏமாறுவது 'நாட்' என்ற தேர்வில்தான். தானாக வருவதும் அதுதான். வெளியிலிருந்து யாரும் நேரடியாக உள்ளே வர முடியாது என்பது உண்மை. ஆனால் உள்ளே இருப்பது வெளியே போகலாம்: இணையத்துக்கு, உங்கள் லேப்டாப்புக்கு, பக்கத்து மேஜை கம்ப்யூட்டருக்கும்கூட. பென் டிரைவில் வந்த ஒரு கோப்பு எக்ஸ்பியைக் கெடுத்துவிட்டால், 'நாட்' அதைத் தடுக்காது.

சரி, அவ்வளவு ரிஸ்க் எடுத்து எக்ஸ்பியில் நெட் கொடுத்தால் என்ன கிடைக்கும்? அதிலுள்ள இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 8, டி.எல்.எஸ் 1.0 வரைதான் புரிந்துகொள்ளும். இன்றைய தளங்கள் பெரும்பாலும் 1.2 கேட்கின்றன. பாதி தளங்கள் திறக்கக்கூடத் திறக்காது.

ஆகவே 'நாட் அட்டாச்டு', அதாவது எதிலும் இணைக்காத நிலை. பெயரில் 'நாட்' இருந்தாலும் மேலே சொன்னது வேறு, இது வேறு. இரண்டு பழைய மெஷின்கள் தங்களுக்குள் பேச வேண்டும் என்றால் 'இன்டர்னல் நெட்வொர்க்' போதும்.

அப்போ கோப்புகளை எப்படி மாற்றுவது?

விர்ச்சுவல்பாக்ஸின் ஷேர்டு ஃபோல்டருக்கு நெட்வொர்க் தேவையே இல்லை. 'கெஸ்ட் அடிஷன்ஸ்' நிறுவியிருந்தால் போதும். இதற்கென்று தனி ஃபோல்டர் வையுங்கள். மொத்த டாக்குமென்ட்ஸையும் பகிர வேண்டாம். உள்ளே போகும் கோப்புகளுக்கு ஒரு ஃபோல்டர், அது படிக்க மட்டும். வெளியே வருவதற்கு இன்னொன்று. எக்ஸ்பியிலிருந்து வெளியே வரும் எதையும் லேப்டாப்பில் ஸ்கேன் செய்த பிறகே திறக்கவும்.

மென்பொருளின் லைசென்ஸுக்காக ஒரே ஒரு தடவை நெட் வேண்டும் என்றால், முதலில் ஸ்னாப்ஷாட் எடுத்துவிட்டு 'நாட்' கொடுங்கள். வேலை முடிந்ததும் உடனே துண்டித்துவிடுங்கள். ஏதோ சந்தேகமாக இருக்கிறதா? ஸ்னாப்ஷாட்டுக்குத் திரும்பிவிடலாம். ஆனால் ஒன்று: திரும்பும்போது அதற்குப் பிறகு எக்ஸ்பிக்குள் சேமித்த கணக்கும் சேர்ந்து போய்விடும். அதனால் அன்றாடத் தரவின் பிரதியை வெளியே வைத்துக்கொள்வது முக்கியம்.

எல்லாம் முடிந்ததும் எக்ஸ்பிக்குள் கமாண்ட் ப்ராம்ப்ட்டைத் திறந்து, உங்கள் ரூட்டரின் முகவரிக்கும் லேப்டாப்பின் முகவரிக்கும் பிங் கொடுத்துப் பாருங்கள். ஒன்றிலிருந்து பதில் வந்தாலும் கதவு எங்கேயோ திறந்திருக்கிறது. செட்டிங்கை மறுபடி பாருங்கள்.